காருக்கு அடியில் நீ எழுதியது

என் அன்பு மச்சாள் சுகந்தி,

இன்று காலை எழும்பியதும் முதல் வேலையாக உன் சீமெந்துத் தளத்தில் மாமி பரப்பியிருந்த மிளகாயை அள்ளினேன். மாமி குசினி வாசலில் நின்று பார்த்தா.

"என்ன பிள்ளை, இப்பதானே பரப்பினனான்!"

"காரை உயத்த வேணும் மாமி."

"அவள் இருக்கேக்கையும் இதே கதைதான். பெத்த தாயின்ர மிளகாயைவிட அவளுக்குக் கார்தான் பெரிசு." சொல்லிக்கொண்டே மறுமுனையில் குந்தி, மாமியும் அள்ளத் தொடங்கினா. இரண்டு பேருக்கும் தும்மல். மிளகாய்க்குத்தான் என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டோம்.

காரை ஏன் உயர்த்தினேன் என்று கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலிருந்து ஒருவர் அதைப் பார்க்க வருகிறார். வருவதற்கு முன் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். விற்கவேண்டும் என்பது உன் அண்ணனின் விருப்பம். உன் முதலாம் வருட ஆட்டைத் திவசத்துக்கு முன் அது முற்றத்தைவிட்டுப் போகவேண்டுமாம். நீ அதை என் பெயருக்கு மாற்றிவிட்டுப் போனதால், கையெழுத்துப் போடவேண்டியவள் நான்.

நீ துறைமுகத்து வேலையில் சேர்த்ததையெல்லாம் கொட்டி அந்தச் சிவப்புக் காரைக் கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறதா? இரண்டே பேர் இருக்கலாம். தரைக்கும் காருக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை. பாலையூற்றுச் சந்தியில் ஆட்டோக்காரர் கேட்டார்: "தங்கச்சி, இது காரோ, பாயோ? இரவைக்குச் சுருட்டி உள்ளுக்க வைப்பியளோ?" நீ கண்ணாடியை இறக்கி, "ஓம் அண்ணை, உங்கட ஆட்டோவைத் தலையணையாத் தாங்கோ" என்றாய். பிறகு நகரில் மாடுகளைப்போல வீதியோரம் படுத்திருக்கும் மான்களில் ஒன்றின் பக்கத்தில் நிறுத்தி, "பார் மச்சாள், அதின்ர கண்ணும் என்ர கண்ணும் ஒரே உயரம்" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்புக்காகவே எத்தனை முறை நிலாவெளி வீதியில் உன்னோடு வந்தேன், முதுகு நோக நோக.

சிரிப்பில்லாத நாளும் ஒன்று இருந்தது. அதை நாம் மூவரும் பிறகு கதைத்ததே இல்லை.

முன்சில்லுக்குக் காற்றுப் போயிருந்தது. உன் அண்ணன், "நான் மாத்துறன், விடு" என்று காரோடு வந்த சின்ன ஜாக்கை முற்றத்து மணலில் வைத்து உயர்த்தினார். வைத்த இடமும் பிழை. விளிம்பின் தடித்த இரும்பை விட்டு, உள்ளே மெல்லிய தகட்டில் வைத்துவிட்டார். சில்லைக் கழற்றியதும் நீ அதை எடுத்துக் காருக்கு அடியில் படுக்கையாகத் தள்ளினாய். "அது ஏன் குறுக்கால கிடக்குது?" என்று அவர் எரிச்சலோடு கேட்டது என் காதில் இருக்கிறது. அடியில் உருண்டுபோன நட்டை எடுக்க அவர் கையை விட்டபோது ஜாக் மணலில் சாய்ந்தது. கார் விழுந்தது.

விழுந்தது அந்தச் சில்லின் மேல். அவருடைய மணிக்கட்டில் தோல் உரிந்ததோடு போயிற்று.

நீ அவரை ஏசவில்லை. உள்ளே போய்ப் பிளேன்ரீ போட்டுக் கொண்டுவந்தாய். அடுத்த கிழமை இந்தத் தளம் போடச் சீமெந்தும் கல்லும் வந்து இறங்கின. "உடுப்புத் தோய்க்கிற இடமோ?" என்று அயலில் கேட்டார்கள். மாமி மட்டும் கேட்காமலே மிளகாயோடு வந்து நின்றா. அதன் பிறகு காரை உயர்த்தும்போதெல்லாம் நீ கூப்பிட்டது என்னை. அவரை ஒருநாளும் கூப்பிடவில்லை.

ஏன் சுகந்தி? நானும் உன்னைக் கேட்டதில்லை. உன் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, கதிரைகளை அடுக்கிக்கொண்டே அவர் சொன்னார்: "கடைசிவரைக்கும் அவள் என்னை அந்தக் காரைத் தொட விடேல்லை. நம்பேல்லை." அன்றிலிருந்து முற்றத்தில் அந்தப் பக்கமாக நடக்காமல் வேலியோரமாகச் சுற்றிப் போகிறார். அவர் காரை விற்க நினைப்பதும் இதற்காகத்தான், வேறு எதற்காகவும் இல்லை.

இன்று அவர் வயல் பார்க்கக் கிளிவெட்டிக்குப் போயிருந்தார். நீ செய்த ஒழுங்கிலேயே செய்தேன். முதலில் தளத்து மணலைக் கூட்டினேன். உன் தட்டை ஜாக்கும் அப்படியே அடியில் போகாதே. முன்சில்லுகளுக்கு முன்னால் இரண்டு பலகைகளைப் போட்டு, மெதுவாக ஓட்டி ஏற்றினேன். ஹான்ட்பிரேக், முதலாம் கியர், பின்சில்லுகளுக்கு இருபுறமும் கட்டை. டோர்ச் அடித்து முன்பக்கத்துக் குறுக்கு இரும்பைப் பார்த்து ஜாக்கைத் தள்ளினேன். உயர உயர ஜாக் தானாகக் கொஞ்சம் உருண்டு வந்தது. உருளச் சில்லும் இல்லாமல் மணலில் நின்ற அந்தச் சின்ன ஜாக் அன்று ஏன் சாய்ந்தது என்று இப்போதுதான் என் கைக்கே விளங்கியது.

"ஜாக் தூக்கத்தான் மச்சாள், தாங்கிறதுக்கு இல்லை." நீ ஒவ்வொரு முறையும் சொல்வாய். ஆகவே இருபக்க விளிம்பிலும் இரும்புத் தாங்கிகளை வைத்து, காரை அவற்றின் மேல் மெல்ல இறக்கினேன். மேலதிகச் சில்லை அடியில் தள்ளினேன். பிறகு உன்னைப்போலவே தோளால் காரை இடித்துப் பார்த்தேன். அசையவில்லை. மாமி தூரத்திலிருந்து, "இன்னொருக்கா இடி" என்றா. இன்னொருமுறை இடித்தேன்.

உள்ளே நான் ஒருநாளும் படுத்ததில்லை அல்லவா? நீ படுப்பாய், நான் டோர்ச்சை நீட்டுவேன். இன்று பாயை விரித்து, கைபேசியோடு மல்லாக்காகப் போனேன். முதலில் தெரிந்தது அன்று நசுங்கிய தகடு. அதைச் சுற்றி வெள்ளைப் பெயின்ரில் ஒரு வட்டம். பக்கத்தில் உன் குண்டு எழுத்து: "இஞ்ச இல்லை அண்ணா." அதிலிருந்து ஒரு அம்புக்குறி விளிம்பின் தடித்த இரும்புக்குப் போகிறது. அங்கே: "இஞ்ச வையுங்கோ. பயப்பிடாதேங்கோ. சில்லு அடியில கிடக்குது."

எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தேன் தெரியாது. மாமி காலைத் தட்டி, "உயிரோட இருக்கிறியோ?" என்று கேட்கும்வரை.

நீ அவரைத் தடுக்கவில்லை. அவர் தானாகப் பயம் தெளிந்து வரட்டும் என்று காத்திருந்திருக்கிறாய். அவரோ நீ கூப்பிடுவாய் என்று காத்திருந்தார். அண்ணனும் தங்கையும் ஒரு சாண் இடைவெளியில் இத்தனை வருடம்! வாயைத் திறந்து சொல்ல உனக்கு என்னடி? பிறகு உன்னைக் கொண்டுபோன அந்த வருத்தம் வந்தது. நீயும் கூப்பிடவில்லை, அவரும் குனியவில்லை.

படம் எடுக்கவில்லை. காரை இறக்கிவிட்டேன். மத்தியானம் அவர் வந்து வேலியோரம் நின்றபடியே கேட்டார்: "படம் எடுத்திட்டீரோ?"

"வெளிச்சம் காணாது" என்றேன்.

நண்பகல் வெயிலில் நின்றுகொண்டு அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.

உன் நினைவு மலருக்காகத்தான் இதை எழுதுகிறேன். அது அச்சாகி அவர் கைக்குப் போகும்போது எல்லாம் நடந்து முடிந்திருக்கும் என்பதால் இங்கே சொல்லலாம். இன்றுவரை மாமிக்குக்கூடத் தெரியாது. நாளைக்கு அந்தக் கொழும்பு ஆளுக்குப் போன் எடுத்து, இந்த ஞாயிறு வரவேண்டாம் என்று சொல்லப்போகிறேன். சனிக்கிழமை காலை பலகையில் ஏற்றி, கட்டையும் கொடுத்த பிறகு, எனக்கு இடுப்புப் பிடிக்கப்போகிறது. ஜாக்கின் கைபிடியை அவரிடம் கொடுத்துவிட்டுக் கதிரையில் இருந்துவிடுவேன். படம் எடுக்க அவர்தான் உள்ளே போகவேண்டும். வெளியே வந்த பிறகும் விற்கத்தான் வேண்டும் என்றால், அன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன்.

சில்லை மறக்காமல் அடியில் தள்ளிவிடுவேன், சுகந்தி. இருமுறை இடித்தும் பார்ப்பேன். அது என் பொறுப்பு.

உன் அண்ணனைக் கட்டியதால் உன்னைத் தோழியாகப் பெற்ற,
மச்சாள் தேவகி