மூன்றாவது பிணம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சுகம். முழங்கால் அது பாட்டுக்கு இருக்கிறது, அதைப் பற்றி விசாரிக்க வேண்டாம். கண் ஆபரேஷன் செய்த டாக்டர் போன வாரம் பார்த்துவிட்டு இந்த வயசில் இப்படியொரு பார்வையா என்று ஆச்சரியப்பட்டார், நான் ஆச்சரியப்படவில்லை, அவர் சொன்ன சொட்டு மருந்தை நிமிஷம் தவறாமல் போட்டவள் நான்தானே. நீயும் உன் மனைவியும் குழந்தையும் சௌக்கியம் என்று நம்புகிறேன், நம்பாமல் என்ன செய்வது, போனில் கேட்டால் நல்லா இருக்கோம்மா என்கிற ஒரே பதிலைப் பதினாறு வருஷமாகச் சொல்கிறாய். மாடிக் குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. பிளம்பர் வந்து குழாயைக் குறை சொன்னான், நான் பிளம்பரைக் குறை சொன்னேன், குழாய் இரண்டு பேரையும் மதிக்கவில்லை.

நீ அனுப்பிய டிக்கெட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சிக்கு உன் அத்தையோடு போய்வந்தேன். பழைய போர்ப் படத்தை உங்கள் ஆபீஸ் துடைத்துத் துலக்கிப் புதுசாக்கியிருக்கிறது, தப்பு ஏதாவது கண்ணில் பட்டால் ஒன்றுவிடாமல் எழுதும்மா, வீட்டில் போட்டுப் பார்க்கிற பதிப்பு வருவதற்குள் சரி பண்ணிடலாம் என்று சொல்லியிருந்தாய். கான்வென்ட்டில் சிஸ்டர்களிடம் குட்டு வாங்கிப் படித்து, முப்பத்திரண்டு வருஷம் ஆபீசில் மற்றவர்கள் டைப் அடித்த கடிதங்களைத் திருத்தியே ரிட்டயர் ஆனவளிடம் போய் இப்படிக் கேட்டுவிட்டாய். இனி நீதான் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

முதலில் தியேட்டர். நாற்காலி என்ற பெயரில் பல் டாக்டர் வைத்திருப்பது போல ஒன்று, பொத்தானை அழுத்தினால் காலைத் தூக்குகிறது. உன் அத்தை எதையோ அழுத்திவிட்டாள், இறக்கத் தெரியவில்லை, ராஜா பட்டம் சூடியதிலிருந்து நாடு இழந்தது வரை காலை மேலேயும் தலையைக் கீழேயும் வைத்துக்கொண்டு பார்த்தாள். முன்வரிசையில் ஒரு குடும்பம், வாளி அளவுக்குப் பொரி வைத்துக்கொண்டு, ராணி அழும்போதெல்லாம் மென்றது. அடுத்தது படம். குதிரை ஓடுகிற சத்தம் எனக்குப் பின்னாலிருந்து வந்தது, திரும்பிப் பார்த்தேன், குதிரை இல்லை. திரையில் ஓடுகிற குதிரைக்கு என் முதுகுக்குப் பின்னால் என்ன வேலை? ராஜாவின் முகத்துச் சுருக்கத்தையெல்லாம் யார் இஸ்திரி போட்டது? மகனைப் பறிகொடுத்த மனிதர் மெழுகு பொம்மை மாதிரி நிற்கிறார். வானத்துக்கு நீலம் ஜாஸ்தி. கோட்டைச் சுவர் கல் இல்லை, பெயிண்ட் அடித்த சாக்குத் துணி என்பது இப்போது கடைசி வரிசைக்கும் தெரிகிறது. நான் பாவாடை சட்டையில் பார்த்தபோது அது கல்தான், சத்தியமாகக் கல். இத்தனை படித்துவிட்டு, இருட்டறையில் உட்கார்ந்து, இருந்த கோட்டையைச் சாக்காக மாற்றிக் கொடுப்பதற்குத்தான் அவ்வளவு தூரம் போனாயா என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததை எழுதிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. கோபித்தாலும் பரவாயில்லை, வானத்தைச் சரி பண்ணு.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஈட்டிக்காரன். உன் அப்பா படிக்கிற காலத்தில் அவர் வகுப்பையே லாரியில் ஏற்றிக்கொண்டு போய் அந்தப் படத்தில் படைவீரர்களாக நிற்கவைத்தார்கள், இருநூறு பேர் வலது கையில் ஈட்டி பிடித்து நிற்க ஒருத்தன் மட்டும் இடது கையில் பிடித்திருப்பான், அந்த இடதுகைக்காரன் நான்தான் என்று அவர் சொல்லி, நான் நம்பி, உனக்கும் சொல்லி வளர்த்தேன். அவர் போனபோது உனக்கு ஆறு வயசு. டிவியில் இந்தப் படம் போட்டால் ஓடிப்போய் அந்த வீரன் மேல் விரலை வைப்பாய், திட்டத் திட்டக் கேட்கமாட்டாய், கண்ணாடியில் பதிந்த விரலை நான்தான் துடைப்பேன். ஒரு கட்டை விரல் அளவு முகம், அதில் தாடி, தலையில் இரும்புத் தொப்பி, மேலே மழை பெய்கிற மாதிரிக் கோடு கோடாக. இந்த முறை அந்த இடத்தை வேற யார்கிட்டயும் குடுக்கலம்மா, பதினோரு நாள் நானே உக்காந்து தொடச்சேன், அப்பா முகம் எவ்ளோ தெளிவா வந்திருக்கு பாரு என்று போனில் சொன்னாய். உன் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது, எனக்குக் கேட்டது.

பார்த்தேன் தம்பி. இரண்டு மாடி உயரத்துக்கு அந்த முகம் வந்து நின்றது. உன் அத்தை மல்லாந்து கிடந்தபடியே கையை நீட்டி, அதோ எங்கண்ணன், அதோ எங்கண்ணன் என்று கத்தினாள், நாலு பேர் கைதட்டினார்கள். அது உன் அப்பா இல்லை. யாரோ ஒரு வழிப்போக்கன், கதவுக் கைப்பிடி மாதிரி மூக்கு, முழுசாக இரண்டு காது. உன் அப்பாவுக்கு வலது காது நுனியில் ஒரு துண்டு கிடையாது, ஐந்து வயசில் ஒரு பம்பரத்துக்காகக் கடித்து எடுத்தவள் இதே உன் அத்தை, தான் கடித்த காது முழுசாக இருப்பதைப் பார்த்தும் அவளுக்கு உறைக்கவில்லை. எங்கண்ணன் எவ்ளோ அழகு பாத்தீங்களா அண்ணி என்று என் கையைப் பிடித்துக் கேட்கிறாள். யாரையும் தப்போடு விடாதவள் நான், அவளிடம் ஆமாம் என்றேன்.

அதற்குப் பிறகு படம் எங்கே பார்த்தேன். பதினோரு வருஷம் கூட வாழ்ந்த மனுஷன் இப்படியா புளுகியிருப்பார், அதை நானும் ஆபீசில், பக்கத்து வீட்டில், உன் பள்ளிக்கூடத்து டீச்சர் வரைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேனே என்று ரத்தம் கொதித்தது. எழுந்து போய்விடலாம் என்று கைப்பையைத் தேடினேன். அப்போதுதான் போர் முடிந்து ராணி தனியாகக் களத்தில் நடந்து வந்தாள். தரையெல்லாம் பிணம். இடது பக்கத்திலிருந்து மூன்றாவது பிணம் குப்புறக் கிடக்கிறது, முகம் மணலில், வலது காது மட்டும் மேலே, நுனியில் ஒரு துண்டு இல்லை. ராணி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுகிறாள், அந்தப் பிணம் நிதானமாக இடது கால் பெருவிரலால் வலது கணுக்காலைச் சொறிந்துகொள்கிறது. இரண்டு தேய்ப்பு, ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு தேய்ப்பு. பதினோரு வருஷம் என் தூக்கத்தைக் கெடுத்த கால் அது. எனக்கு முகம் தேவைப்படவில்லை.

பொய் எதற்குச் சொன்னார் என்று வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் யோசித்தேன். யோசிக்க ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் முதல் தடவை பேசியபோது, நான் அந்தப் படத்தில் நடித்திருக்கிறேன் என்றார். நான் அவரை மேலும் கீழும் பார்த்து, அப்படியா, என்னவாக, என்று கேட்டேன். என் குரல் உனக்குத் தெரியும். அந்தக் குரலில் கேட்டால் யாராக இருந்தாலும் ஈட்டியைத்தான் கையில் எடுத்திருப்பார்கள், பிணமாகப் படுத்திருந்தேன் என்று எந்த ஆண்பிள்ளை சொல்வான்? சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன், அதுவும் நல்ல சிரிப்பாக இருந்திருக்காது. ஆக, இந்தத் தப்பு என் கணக்கில்தான் சேரும்.

உனக்கு வருத்தமாக இருக்கும், தெரியும். பதினோரு நாள் எவனுடைய தாடியையோ துடைத்திருக்கிறாய். ஆனால் நீங்கள் துடைக்காமல் விட்டிருந்தால் அந்தக் காது என் கண்ணில் பட்டிருக்காது, அந்த மழை மாதிரிக் கோடுகளில் மறைந்தே போயிருக்கும். இதை ஒரு தடவைதான் சொல்வேன், அதற்காக வானத்தை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. இப்போது கவனமாகக் கேள். எங்களுக்குப் பின்வரிசையில் ஒரு வழுக்கைத்தலை, எல்லாம் தெரிந்த ரகம், பொணம் காலச் சொறியுது பாரு, இதக் கூடக் கவனிக்காம என்னத்தத் துடைச்சானுங்க என்று பொண்டாட்டியிடம் இளித்துவிட்டு, படம் விட்டதும், தப்புகளைத் தெரிவிக்கலாம் என்று வாசல் சுவரில் ஒட்டியிருந்த உங்கள் ஆபீஸ் விலாசத்துக்குப் போனிலேயே எழுதி அனுப்பிவிட்டான். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். சார், அது தப்பில்லை என்று சொன்னேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்து, பொணம் அசையறது தப்பில்லையாம்மா என்றான். அவன் அனுப்பியது அனுப்பியதுதான். பிலிமில் முன் கட்டத்திலும் பின் கட்டத்திலும் இல்லாதது நடுக் கட்டத்தில் மட்டும் தெரிந்தால் மெஷின் தானாகவே அழித்துவிடும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். மெஷினுக்கு அந்தக் காதின் குறையும் ஒரு கீறல், அந்தக் கால் விரலும் ஒரு கோளாறு. உங்கள் தப்புப் பட்டியலில் அந்த வழுக்கைத்தலையின் புகார் வந்ததும் உன் கையால் கோடு போட்டு அடித்துவிடு. மேலதிகாரி கேட்டால் என் பெயரைச் சொல், நான் பேசிக்கொள்கிறேன். சாக்குக் கோட்டையை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், ஈட்டிக்காரனுக்குப் புது மூக்கே வையுங்கள். உன் அப்பா இந்த உலகத்தில் அசைகிற ஒரே இடம் அது, மொத்தம் நாலு விநாடி. அது அங்கேயே இருக்கட்டும்.

அத்தையிடம் எதுவும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே, அவளுக்கு ஈட்டி இருக்கட்டும். அடுத்த ஞாயிறு மறுபடி போகிறேன், தனியாக. இடப்பக்கம் ஓரத்து நாற்காலியாகப் பார்த்து டிக்கெட் அனுப்பு.

மூன்று பேரும் தீர்க்காயுசாக, ஒழுங்கான பழக்கங்களோடு இருங்கள். குழந்தைக்கு என் முத்தம். நேரத்துக்குத் தூங்கு. உன் மனைவி கல்யாணமான புதிதில் என்னிடம் ஒரு புகார் சொன்னாள், தூக்கத்துல இவர் காலால காலத் தேச்சுக்கிட்டே இருக்காரு அத்தை, டாக்டர்ட்ட காட்டணுமா என்று. வேண்டாம், அது வியாதி இல்லை என்று மட்டும் சொன்னேன். இந்தக் கடிதத்தை அவளிடமும் படிக்கக் கொடு.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா