சாமையோடு விதைத்த தங்கம்

அன்புள்ள மகன் சந்தோஷ்குமாருக்கு, எடப்புளி நாட்டிலிருந்து அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், துபாய் வெயிலில் நீ என்ன பாடுபடுகிறாயோ என்று இங்கே மழை பெய்கிற போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். என் கண் ஆபரேஷன் நன்றாக ஆறிவிட்டது, சொட்டு மருந்தையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். கண்ணு, இதை நான் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ குறுக்கே குறுக்கே கேள்வி கேட்பாய், எனக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் என் வாய் என்ன பேசும் என்று உனக்கே தெரியும். அதனால் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கூப்பிடு.

பாப்பாவின் காதுகுத்துக்கு வைத்திருந்த நகை காணாமல் போனது உனக்குத் தெரியும். எங்கே வைத்திருந்தேன் என்பதைத்தான் உன்னிடம் சரியாகச் சொல்லவில்லை. ஆபரேஷனுக்கு நாமக்கல் போவதற்கு முதல் நாள், வீட்டில் எவர் வந்து போவார்களோ என்ற பயத்தில் அதைச் சாமை விதைப் பானையில் போட்டேன். விதைப் பானையில் நம் பக்கத்தில் எவரும் சும்மா கை விட மாட்டார்கள். துணியில் முடிந்து போட்டால் தட்டுப்படும் என்று, பெரிய கெட்டிக்காரியாட்டம், உதிரியாகவே விட்டுக் குலுக்கி அடியில் இறக்கினேன். ஒரு ஜோடி பொட்டுக் கம்மல், என் பழைய தாலிக்கொடியில் இருந்த நாலு குண்டு, ஒரு காசு, ஆக ஏழு உருப்படி. உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. நான் அங்கே கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தபோது இங்கே மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தைக் கண்டால் உன் அப்பா விடுவாரா, விதைக்க வேண்டுமென்று பானையை இறக்கச் சொல்லியிருக்கிறார். இறக்கிக் கூடையில் கொட்டியது உன் பெண்டாட்டி சுமித்ரா. நான் திரும்பி வந்தபோது பானை வாசலில் கவிழ்ந்து கிடந்தது.

அன்றைக்கு நான் பேசியதை நீ அவள் சொல்லிக் கேட்டிருப்பாய், இப்போது நானே சொல்கிறேன். என் கண்ணைப் பற்றி விசாரிக்க வந்த பக்கத்து வீட்டுக் கோகிலா உட்கார்ந்திருந்தாள். அவளை வைத்துக்கொண்டே, "கொட்டுனவ நீ, உன் கண்ணுக்குத் தெரியாம அது எங்க போகும்?" என்று சுமித்ராவைக் கேட்டேன். அவள் பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "அத்தை, பாப்பா மேல சத்தியமா எனக்குத் தெரியாதுங்க" என்றாள். சத்தியம் தங்கத்தைக் கொண்டுவந்து தருமா என்று நான் கேட்டேன். மறுநாள் காலை அவள் காரவள்ளிக்கு, அவள் அம்மா வீட்டுக்கு, பஸ் ஏறிவிட்டாள். நீயும், நகையை எடுத்திருந்தால் சொல்லிவிடு என்று போனில் அவளைக் கேட்டாயாம். உன் அப்பா மட்டும் அந்தப் புள்ளை எடுத்திருக்காது என்று ஒரு தடவை சொன்னார். அதோடு சரி, இருபது நாளாக என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

முந்தாநாள் மேல் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். சாமை ஒரு சாண் வந்திருக்கிறது. ஒரு புல்லை வேரோடு பிடுங்கினேன், வேரில் ஒட்டியிருந்த மண்ணில் மஞ்சளாக ஒரு பொட்டு தெரிந்தது. ஆபரேஷன் செய்த கண் இல்லாவிட்டால் அதைப் பார்த்தே இருக்க மாட்டேன். முந்தானையில் துடைத்துப் பார்த்தேன், என் குண்டு, சாமி. அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். சாமை பொடி விதை, கொத்தாக விழாமலிருக்க மணல் கலந்து வீசுவோம் என்று உனக்குத் தெரியும். மணல் போட்ட கூடையில் சுமித்ரா கொட்டக் கொட்ட உன் அப்பா கையை விட்டுக் கிளறியிருக்கிறார். அந்தக் காய்த்துப்போன கைக்குக் கல் எது குண்டு எது என்று எப்படித் தெரியும். கிளறியது அவர், வீசியது அவர், அவரை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேறு வீட்டிலிருந்து வந்த பெண்ணைத்தான் கேட்டேன். நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

மீதி ஆறும் அந்த அரை ஏக்கரில்தான் கிடக்கிறது. கிளறித் தேடினால் பயிர் போய்விடும், அறுப்பு வரைக்கும் விட்டால் ஒவ்வொரு மழைக்கும் மண்ணோடு கீழ்ப் பள்ளத்துக்கு இறங்கிவிடும். யாரையாவது உதவிக்குக் கூப்பிட்டால் விஷயம் செம்மேடு சந்தை வரைக்கும் போய்விடும், அப்புறம் நம் காட்டில் நமக்கே நிற்க இடம் இருக்காது. உலோகம் கண்டுபிடிக்கும் மிஷின் ஒன்று இருக்கிறதல்லவா, செம்மேட்டில் செல்போன் கடை வைத்திருக்கும் பிரேம் ஒன்று வைத்திருந்தான், சாவி தொலைந்துவிட்டது என்று பொய் சொல்லி நேற்று வாங்கி வந்தேன். அதன் வட்டத் தட்டு முறம் அளவுக்கு இருக்கிறது. மண்வெட்டியைக் காட்டினால் கத்துகிறது, குண்டை மண்ணில் போட்டுக் காட்டினால் வாயைத் திறக்கவில்லை. காட்டுக்குள் கொண்டுபோனால் நம் செம்மண்ணில் இருக்கிற இரும்புக் கல்லுக்கெல்லாம் ஓயாமல் கத்துகிறது. திருப்பிக் கொடுக்கும்போது பிரேமிடமே விசாரித்தேன். ஆழத்தில் புதைந்ததைத் தேடுகிற மிஷின் வேறு, நகை நட்டு தேடுகிற மிஷின் வேறு என்றான். துபாயில் இதற்கென்றே கடைகள் இருக்கிறதாம், நீ போய்ப் பார். எத்தனை அடி ஆழம் போகும் என்று கடைக்காரன் பெருமை பேசினால் கேட்காதே, நமக்கு இரண்டு விரல் ஆழம் போதும். தட்டு சின்னதாக இருக்க வேண்டும், பொடித் தங்கத்துக்கும் சத்தம் கொடுக்க வேண்டும், மண்ணில் உள்ள இரும்புக்குத் தக்கபடி அதுவே சத்தத்தைத் தணித்துக்கொள்ள வேண்டும். இரும்பை ஒதுக்குவதற்கு ஒரு பொத்தான் இருக்குமாம், அதை ரொம்பத் திருகினால் சின்னத் தங்கத்தையும் சேர்த்து ஒதுக்கிவிடுமாம், எவ்வளவு வைக்க வேண்டும் என்று கேட்டு எழுதி அனுப்பு. பயிரின் தூருக்குள் விட்டுப் பார்க்க ஒரு சாண் நீளத்தில் கைக்கோல் தனியாக வருமாம், அதையும் வாங்கு. வாங்குவதற்கு முன் யாரிடமாவது குழந்தைக் கம்மல் ஒன்று கேட்டு வாங்கி, மண்ணுக்கு அடியில் வைத்து உன் காதால் சத்தத்தைக் கேள். உன்னோடு வேலை செய்கிற ராசிபுரம் கதிர்வேல் இருபதாம் தேதி லீவில் வருகிறான் என்றாயே, மிஷினையும் பில்லையும் சேர்த்து அவனிடம் கொடுத்துவிடு.

கடிதத்தை இத்தோடு முடிக்கத்தான் இருந்தேன். மிஷின் வரட்டும், ஏழையும் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டு சுமித்ரா வீட்டுக்குப் போகலாம், அதுவரைக்கும் உன் அப்பாவிடம்கூட மூச்சு விட வேண்டாம் என்றுதான் நேற்று ராத்திரி வரை நினைத்திருந்தேன். வெறும் கையோடு போய் எப்படி நிற்பது என்ற வெட்கம். இன்று காலை சுமித்ராவின் தம்பி முருகானந்தம் பைக்கில் மலை ஏறி வந்தான், உட்காரக்கூட இல்லை, ஒரு மருந்துச் சீட்டில் மடித்த பொட்டலத்தைக் கொடுத்தான். பிரித்தால் சுமித்ராவின் தோடு, கல்யாணத்தில் போட்டுக்கொண்டு வந்தாளே, அது. அக்கா கொடுக்கச் சொன்னாள், இதை அழித்துப் பாப்பாவுக்குக் கம்மல் பண்ணிக்கொள்ளுங்கள், அத்தை இனிமேல் தேட வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள் என்றான். எனக்குக் குண்டு கிடைத்துவிட்டது என்று அவனிடம் சொல்ல வாய் வரவில்லை, சந்தோஷு. அவன் போன பிறகு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். எடுக்காத பொருளுக்கு அந்தப் பெண் தன் காதை மூளியாக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், நான் இங்கே முடிந்து வைத்த குண்டோடு மிஷினுக்குக் காத்திருக்கிறேன்.

அதனால் மிஷின் வருவது வரட்டும். உன் அப்பா மிளகுக் கொடி கட்டப் போயிருந்தார், அங்கேயே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கையிலிருந்த கொடியைக் கட்டி முடித்துவிட்டு, "நாளைக்கி மொத பஸ்ஸுக்குப் போயிட்டு வா" என்றார். போகிறேன். மலை இறங்கும் வளைவுகளில் எனக்கு வாந்தி வரும், வந்தால் வரட்டும். கோகிலாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன். அவளை வைத்துக்கொண்டுதானே பேசினேன், அவளை வைத்துக்கொண்டே நான் பேசியது தப்பு என்று சொல்கிறேன். நீ போனில் கேட்டது தப்பு என்று நீதான் உன் வாயால் அவளிடம் சொல்ல வேண்டும், அதையும் என் தலையில் கட்டிவிடாதே. சுமித்ரா திரும்பி வருவாளோ மாட்டாளோ, கதவைச் சாத்தினாலும் வாசலில் உட்கார்ந்திருப்பேன். தோட்டை நானே அவள் காதில் போட்டுவிட வேண்டும்.

அறப்பளீஸ்வரர் உனக்கும் உன் பெண்டாட்டி பிள்ளைக்கும் ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொள்ளட்டும், வெயிலில் தண்ணீர் குடிக்க மறக்காதே. ஒன்றே ஒன்று சாமி, குண்டு கிடைத்த சேதியை நான் போய்ச் சேரும் முன் அவளுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடாதே. அதை அவள் முதலில் என் வாயால்தான் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
சி. ருக்குமணி