ராஸ்கோ திருடாத மெட்டு

லாஸ் ஏஞ்சல்ஸ்,
14 மார்ச் 1972.

அன்பு மகன் லியாண்டருக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், பட்டாளத்தில் நீ இருக்கும் அந்த ஜெர்மனிக் குளிரில் உன் நெஞ்சுச் சளி விட்டதா என்பதுதான் எங்கள் கவலை. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை.

ராஸ்கோ டிம்மன்ஸ் என் மெட்டைத் திருடிச் சினிமாவில் போட்டுக்கொண்டான் என்று போன மாதம் எழுதியிருந்தேனே, அது பொய். பத்து வருஷம் ஒரே மேடையில் நான் பியானோ, அவன் டிரம்பெட். கறுப்பர்கள் என்பதால் இருவரும் ஓட்டல்களின் பின்வாசல் வழியாகத்தான் உள்ளே போனோம். இன்று நாற்பது வயலின்காரர்கள் அவன் கையசைப்புக்குக் காத்திருக்கிறார்கள், நம் ஆட்களின் ஜாஸ், ஃபங்க் இசை சினிமாவுக்குள் வந்துவிட்டது என்று பத்திரிகையெல்லாம் அவன் படம், எனக்கோ ஞாயிறு ஆராதனையில் வாசிப்பதும் பிள்ளைகளுக்குப் பியானோ அரிச்சுவடி சொல்லிக் கொடுப்பதும்தான். வயிறு எரிந்தது மகனே. சர்ச் விருந்தில் சகோதரி யூலா, "உங்க பழைய கூட்டாளி பிரமாதமா மியூசிக் போட்டிருக்காரே" என்றதும், "அவன் எங்க போட்டான், அது என் மெட்டு" என்றேன். வாய் தவறவில்லை, வேண்டுமென்றே சொன்னேன். சொன்னபின் ஆதாரம் தேடிப் படத்துக்குப் போனேன். மூன்று காட்சி தொடர்ந்து உட்கார்ந்தேன். துரத்தல் காட்சியில் பேஸ் கிதார் தனியாக நடந்து வருகிறது, எவனும் துணியாத இடத்தில் டிரம்பெட் நுழைகிறது. என்னுடையது என்று சொல்ல ஒரு துணுக்குக்கூட இல்லை. மட்டமாக இருந்திருந்தாலாவது நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

நான் சொன்ன பேச்சு ஸ்டுடியோவரை போய், அவனுக்குக் கொடுத்திருந்த அடுத்த படத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். இரண்டு வாரம் முன்பு சனிக்கிழமை மதியம் அவனே வீட்டுக்கு வந்தான். அப்பா கொடுத்த காப்பியைத் தொடவில்லை. "எந்த இடம்னு வாசிச்சுக் காட்டு ஓர்லீத்தா. உன்னுதுன்னா உன் பேரை நானே போட வைக்கிறேன்" என்றான். பியானோ முன்னால் உட்கார்ந்து மூடியைத் திறந்தேன், திரும்ப மூடினேன். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "உன்னுதுதான், முழுசும் உன்னுதுதான்" என்றேன். அவன் கத்தவில்லை. "என்னைத் திருடன்னு சொல்ல அந்த வெள்ளைக்காரன் ஸ்டுடியோவுல ஆளா இல்ல? நீயுமா?" என்று கேட்டுவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் சபைக்கு முன்னால் எழுந்து நின்று, நான் சொன்னது பொய், பொறாமையில் சொன்னேன் என்றேன். யூலா வாயைப் பிளந்தாள். ஸ்டுடியோவுக்கும் கையெழுத்துப் போட்டு எழுதினேன், படத்தைத் திரும்பக் கொடுத்துவிட்டார்களாம். ராஸ்கோவிடமிருந்து ஒரு வார்த்தையும் இல்லை. பொய்யை விட்டுவிட்டேன், பொறாமை மட்டும் இறங்கவில்லை. நேற்றுப் பாத்திரம் கழுவும்போது வானொலியில் அந்த மெட்டு வந்தது, பட்டென்று அணைத்தேன். கை ஈரம் காய்வதற்குள் நானே மறுபடி போட்டேன்.

உன் பாசறைத் தோழர்களிடம் அது அம்மா மெட்டு என்று பெருமையாகச் சொன்னதாக எழுதியிருந்தாய். தயவுசெய்து திருத்திச் சொல்லிவிடு, உனக்கு வெட்கம் தேடி வைத்த அம்மாவை மன்னித்துவிடு. நெஞ்சுக்குச் சூடாக உடுத்து, அப்பாவுக்குத் தனியாக நாலு வரி எழுது. கர்த்தருடைய கரம் உன் தலைமேல் இருக்கட்டும். அந்தப் படம் உங்கள் முகாமுக்கு வந்தால் அவசியம் போய்ப் பார். இசை எப்படியிருந்தது என்று மட்டும் எனக்கு எழுதாதே.

உன் அம்மா,
ஓர்லீத்தா