ரூத் அக்கா, உங்களுக்குப் பிறகு வந்தவர்கள்

என் அன்பு ரூத் அக்காவுக்கு,

நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. உங்கள் நம்பிக்கைப்படி நீங்கள் இப்போது தூக்கத்தில் இருக்கிறீர்கள், எழுப்பும்வரை எதுவும் கேட்காது. என் நம்பிக்கைப்படி நீங்கள் எங்கேயோ யார் வயிற்றிலோ பிறந்தாயிற்று, கண்டியையே மறந்தாயிற்று. இரண்டில் எது சரியென்றாலும் இந்தக் கடிதம் உங்களுக்கு வந்து சேரப் போவதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். இதை வேறு யாரிடம் போய்க் கேட்பது?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை, நீங்கள் வழக்கமாக வருகிற நேரத்துக்கு, கேட்டில் யாரோ தட்டினார்கள். எட்டிப் பார்த்தால் இரண்டு பேர். கழுத்துப்பட்டி கட்டிய ஓர் இளைஞர், பக்கத்தில் குடையும் பையுமாக ஒரு பெண்பிள்ளை. கட்டுகஸ்தோட்டைச் சந்தியிலிருந்து எங்கள் மேட்டை ஏறி வந்ததில் இருவருக்கும் மூச்சு வாங்கியது.

"நாங்க ரூத் அக்காவோட சபையிலேருந்து வர்றோம்" என்றார் அந்த இளைஞர். "இந்த வீட்டம்மா ரொம்ப ஆர்வமா இருக்காங்கன்னு அக்கா சொல்லியிருந்தாங்க. அதான் தொடர்ந்து பேசலாம்னு வந்தோம்."

ஆர்வம். அந்தச் சொல்லைக் கேட்டதும் "இன்னைக்கு நேரமில்லீங்க" என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்துப் புகைந்துகொண்டிருந்தது. அது தெரியாமல் அதன் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தேன்.

அக்கா, நான் உங்களுக்கு யார்? இத்தனை வருஷம் நீங்கள் வந்தது என்னைப் பார்க்கவா, அல்லது ஆர்வமுள்ள ஒரு வீட்டைப் பார்க்கவா?

வீடு வீடாக ஊழியத்துக்கு வருகிற உங்களைப் போன்றவர்களைக் கண்டால் எனக்கு ஏன் ஆகாது என்று உங்களுக்குத் தெரியும். நாவலப்பிட்டியில் இருக்கிற என் தம்பி சிவாவின் மகளுக்கு வலிப்பு வந்துகொண்டிருந்த காலத்தில், அவன் வீட்டுக்கு இப்படித்தான் இரண்டு பேர் வந்தார்கள். உங்கள் சபையில்லை, வேறு ஏதோ சபை. பிள்ளையின் தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். பிள்ளைக்குச் சுகம் வந்தது. மருந்தும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள், ஆனால் சிவா மருந்தைப் பற்றிப் பேசவேயில்லை, அந்தச் சபையிலேயே சேர்ந்துவிட்டான். அடுத்த வருஷம் அப்பா இறந்தபோது, ஒரே மகனாகிய அவன் கொள்ளி வைக்கமாட்டேன் என்று மயானத்தில் ஒதுங்கி நின்றான். சித்தப்பா மகன்தான் வைத்தான். அம்மா அன்றைக்கு அவனைப் பார்த்து முகத்தைத் திருப்பியவர், கண்ணை மூடும்வரை அவனோடு பேசவில்லை. அன்றிலிருந்து நானும் பேசவில்லை.

அதனால்தான் நீங்கள் முதல் முறை வந்தபோது அப்படிக் கத்தினேன். "வீடு வீடாப் போயி குடும்பத்தப் பிரிக்கிறதுதான் உங்க வேலையா?" என்று கேட்டேன். நீங்கள் "மன்னிச்சுக்குங்க, வர்றேன்" என்று திரும்பினீர்கள். என் சத்தத்தைக் கேட்டு எங்கள் நாய் டைகர் என்ன நினைத்ததோ, கேட்டுக் கம்பி வழியாகப் பாய்ந்து உங்கள் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது.

சண்டையெல்லாம் அதோடு போயிற்று. ரத்தம் வழிகிற காலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவியதும், ஆட்டோ பிடித்து உங்களைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடியதும் நான்தான். நாய்க்கடி ஊசி ஒரு தடவையோடு முடிகிற காரியமா? ஒவ்வொரு தடவையும் கூட வந்தேன். கடித்தது எங்கள் நாய், வராமல் எப்படி இருப்பது? அந்த ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் மணிக்கணக்காகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். பையில் புத்தகம் இருந்தும் நீங்கள் அதைத் திறக்கவில்லை. தெல்தோட்டையில் நீங்கள் பிறந்த தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டைப் பற்றியும், காலில் ஏறுகிற அட்டைக்கு உப்புத் தடவுவதைப் பற்றியும், மஹய்யாவையில் உங்கள் வாடகை அறைக்கு மேலே இரவெல்லாம் கட்டிலை இழுக்கிற மனிதரைப் பற்றியும் பேசினீர்கள். நான் சிரித்தேன். பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா நாம் இருவரும் அக்கா தங்கையா என்று கேட்டார். நீங்கள் சிங்களத்திலேயே "ஓவ்", ஆமாம் என்றீர்கள். நான் மறுக்கவில்லை.

ஊசி முடிந்த பிறகும் சனிக்கிழமை வந்தீர்கள். தேத்தண்ணி கொடுத்தேன். "ஒரே ஒரு வசனம் வாசிக்கட்டா?" என்று கேட்பீர்கள். "வேணாங்க்கா" என்பேன். சில நாள் என் முகம் வாடியிருந்தால் "சரி, வாசிங்க" என்பேன். ஒருநாள் நான் நேராகவே கேட்டேன்.

"இந்தச் சாமிப் படத்தையெல்லாம் எடுக்கச் சொல்லுவீங்கதானே, என்னைக்காவது?"

நீங்கள் கோப்பையைக் கீழே வைத்தீர்கள். "சொல்லத்தான் செய்வேன் கமலா. ஒங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். ஆனா இன்னைக்குச் சொல்லல."

எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை. அது ஏன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

பிறகு அந்தத் தைப்பொங்கல். படைத்ததை நீங்கள் சாப்பிடமாட்டீர்கள் என்பதால், பானை பொங்கியதும் சூரியனுக்குப் படைப்பதற்கு முன்னாலேயே ஒரு சின்னச் சட்டியில் உங்களுக்கென்று எடுத்து மூடி வைத்தேன். இவர், என் வீட்டுக்காரர், அதைப் பார்த்துவிட்டார். புடவைக்கடை வியாபாரத்தில் வாடிக்கையாளரிடம் குரலையே உயர்த்தாத மனுஷன், அன்றைக்கு முற்றத்தில் நின்று கத்தினார்.

"சாமிக்கு முந்தி அந்தம்மாவுக்கா? ஒனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? ஒன் தம்பி வீட்டுல நடந்தது போதாதா?"

"தம்பிக்கும் இதுக்கும் என்னங்க?"

"அவங்க நல்லாருக்கிற வீட்டுக்கா போறாங்க? நோய் நொடி இருக்கிற வீடாப் பாத்துத்தான் போறாங்க. ஒருத்தருக்குத் தொறந்தா அம்புட்டுப் பேருக்கும் தொறக்கணும், பாத்துக்க."

அவர் சொன்னதில் தப்பில்லை, அக்கா. சிவா வீட்டில் நடந்ததும் அதுதானே? ஆனால் மத்தியானம் நீங்கள் வந்து, "படைக்கிறதுக்கு முந்தி எடுத்ததா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு, சட்டியை வழித்துச் சாப்பிட்டீர்களே, அதிலும் தப்பில்லை. அந்தப் பொங்கலைச் சாப்பிட்டதற்காகச் சபையில் பெரியவர்கள் உங்களைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார்கள் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஒரே சட்டிப் பொங்கலுக்கு இரண்டு பக்கமும் ஏச்சு.

நமக்குள் ஒரேயொரு தடவைதான் சண்டை வந்தது, அதுவும் சிவாவால். "தம்பிகிட்ட பேசுனீங்களா?" என்று கேட்டீர்கள். "பெத்த அப்பனுக்குக் கொள்ளி வைக்காதவன்கிட்ட என்ன பேச்சு?" என்றேன்.

அப்போதுதான் நீங்கள் உங்கள் அம்மாவின் சாவைச் சொன்னீர்கள். நீங்கள் மதம் மாறியதால் அண்ணன்மார் உங்களை லயத்துக்குள் விடவில்லை. பிணத்தை எடுக்கும்வரை பெண்கள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் நின்றீர்கள். பாடை உங்களைத் தாண்டிப் போகும்போது அம்மாவின் கால் மட்டும் தெரிந்தது.

"ஒங்க தம்பி ஒதுங்கி நின்னான்னு சொல்றீங்களே கமலா, அவனுக்கு வலிக்காமயா நின்னுருப்பான்?"

"அப்ப நீங்களும் அவனும் ஒண்ணு. நாங்கதான் கெட்டவங்க, இல்ல?" என்று கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டேன். நீங்களே கேட்டைச் சாத்திக்கொண்டு போனீர்கள். அடுத்த வாரம் வரமாட்டீர்கள் என்று நினைத்தேன். வந்தீர்கள். அந்தப் பேச்சை நீங்களும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அப்புறம் உங்களுக்குச் சர்க்கரை கூடி, சிறுநீரகம் கெட்டு, அதே பெரியாஸ்பத்திரியில் வார்டில் படுத்தீர்கள். கடைசியாக நான் வந்த நாள் உங்களுக்கு நினைவிருந்திருக்காது. கண் பாதி மூடியிருந்தது. உங்கள் சபைப் பெண்கள் ஜெபித்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் அன்று காலை பிள்ளையார் கோயிலில் உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்திருந்தேன். ஐயர் நட்சத்திரம் கேட்டார், தெரியாது என்றேன். ரூத் என்ற பெயரைக் கேட்டு ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு அந்தப் பெயரையே சொல்லிப் பூப்போட்டார்.

அந்தத் திருநீற்றுப் பொட்டலத்தைக் கைக்குள் வைத்துக்கொண்டு உங்கள் கட்டிலருகே நின்றேன். ஒரு விரலால் உங்கள் நெற்றியில் பூசிவிட வேண்டும் என்று மனம் கிடந்து தவித்தது. நீங்கள் தடுக்கக்கூட முடியாத நிலையில் இருந்தீர்கள். யாரும் பார்க்கவுமில்லை. உங்களுக்குப் பிடிக்காது என்று நன்றாகத் தெரியும், ஆனால் அதைப் பூசாவிட்டால் உங்களுக்கு ஒன்றுமே செய்யாமல் அனுப்புவது போலிருந்தது எனக்கு.

பூசவில்லை, அக்கா. பொட்டலத்தைத் திரும்பக் கைப்பைக்குள் போட்டுவிட்டு உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஆனால் அந்தத் தவிப்பு என்னை விடவில்லை. எனக்கு நல்லதென்று பட்டதை உங்கள் மேல் பூசத் துடித்தேனே, அது உங்கள் மேல் இருந்த பாசத்தாலா, அல்லது நீங்கள் என் பக்கம் வந்துவிட வேண்டும் என்ற ஆசையாலா? இரண்டையும் எப்படிப் பிரிப்பது? என்னாலேயே பிரிக்க முடியாததை உங்களிடம் எப்படிக் கேட்பேன்? சரி, அப்படிப் பார்த்தால் சிவாவின் பிள்ளை தலையில் கைவைத்தவர்களையும் மன்னித்துவிட வேண்டுமா? அங்கே வரும்போது எனக்கு மறுபடியும் மனம் கொதிக்கிறது. அப்பாவின் முகம் வருகிறது. எங்கே நிற்கிறேன் என்றே தெரியவில்லை.

அந்த இரண்டு பேரும் அடுத்த சனிக்கிழமை மறுபடி வந்தார்கள். இவர் வீட்டில் இருந்தார். அவர் முகத்தைப் பார்க்காமலே போய்க் கேட்டைத் திறந்தேன். கதிரையில் உட்காரச் சொல்லித் தேத்தண்ணி கொடுத்தேன். இளைஞர் உட்கார்ந்த கையோடு புத்தகத்தைத் திறந்துவிட்டார்.

"அது இருக்கட்டும். ரூத் அக்கா என்னைப் பத்தி என்ன சொன்னாங்க? அவங்க சொன்னத அப்படியே சொல்லுங்க" என்றேன்.

"ஆர்வமா இருக்காங்க, விட்டுறாதீங்கன்னு சொன்னாங்க" என்றார் அவர்.

அந்தப் பெண்பிள்ளை தலையைத் தூக்கினாள். "எங்கிட்ட அப்படிச் சொல்லல அண்ணே. அந்த வீட்டுக்குப் போனா புத்தகத்தத் தொறக்காத, தேத்தண்ணி குடிச்சிட்டு, அந்தம்மா சொல்றதக் கேட்டுட்டு வான்னுதான் சொன்னாங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவரும் பொய் சொல்கிற ஆட்களாகத் தெரியவில்லை. அக்கா, இதில் எதைச் சொன்னது நீங்கள்? ஆள் பார்த்து இரண்டையும் சொன்னீர்களா? அப்படியென்றால் எது மனதிலிருந்து வந்தது?

உள்ளே இருந்து இவர் வேண்டுமென்றே சத்தமாக இருமினார். நான் அவர்களிடம் சொன்னேன், "நீங்க வந்தா தேத்தண்ணி தருவேன். ஆனா நான் மாற மாட்டேன். மாத்தணும்னு வர்றதா இருந்தா இந்த மேட்ட ஏறிக் கஷ்டப்பட வேணாம்." இளைஞர் மரியாதையாக நன்றி சொல்லிப் புத்தகத்தை மூடினார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. அந்தப் பிள்ளை மட்டும் ஒருநாள் சந்தியில் என்னைக் கண்டு, ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் பஸ் ஏறிப் போனாள். நான் செய்தது சரியா? சரியென்றால் எனக்கு ஏன் நிம்மதி வரவில்லை? "இப்பதான் புத்தி வந்துச்சு" என்று இவர் பாராட்டியபோது அழுகை வந்தது. அது ஏன்?

ஒன்றை மட்டும் முடிவு செய்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நாவலப்பிட்டிக்குப் போகிறேன். சிவாவுக்குச் சொல்லவில்லை, சொன்னால் வரவேண்டாம் என்பானோ என்று பயம். இவர் வரமாட்டேன் என்கிறார், பஸ்ஸில் தனியாகத்தான் போவேன். அவனிடம் அப்பாவைப் பற்றி என்ன சொல்வேன், அவன் என்ன சொல்வான் என்று தெரியாது. மறுபடி சண்டை போட்டுக்கொண்டு திரும்பினாலும் திரும்புவேன்.

ஆனால் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன், அக்கா. அவன் ஜெபித்துவிட்டுத்தான் சோறு போடுவான் என்றால், ஜெபம் முடியும்வரை கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆமென் சொல்லமாட்டேன். எழுந்தும் போகமாட்டேன்.

இப்படிக்கு,
இன்னும் மாறாத உங்கள் தங்கச்சி,
கமலா