சால்வையைப் பற்றி நான் எழுதிய பக்கம்

வேலம்பாளையம்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் பிரபாகருக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் மருமகள் அக்ஷராவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், டென்மார்க் குளிரில் நீயும் சளி இருமல் அண்டாமல் இருக்க அவிநாசியப்பரை வேண்டிக்கொள்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். நேற்று நீ போனில் பேசியதற்கெல்லாம் நான் சரிப்பா, சரிப்பா என்று மட்டும் சொன்னேன். உன் குரல் ஏறினால் எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது, அதனால்தான் எழுதுகிறேன். இரண்டு முறை எழுதிக் கிழித்தாயிற்று, இதுவும் சரியாக வருமா என்று தெரியவில்லை. கூரியரில் போட்டால் சனிக்கிழமைக்குள் உன் கையில் இருக்கும் என்கிறார்கள்.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். அக்ஷராவும் அவள் கம்பெனியில் வேலை செய்யும் பெண்கள் மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமை போடப்போகிற நாடகம் பேர்பெற்ற ஓவியர் ஒருவரின் வாழ்க்கையில் இருந்த பெண்களைப் பற்றியது. ஓவியர் மேடைக்கே வருவதில்லை, அவர் பெயரைக்கூட யாரும் சொல்வதில்லை. அவருடைய தாய், மனைவி, மகள், பிறகு அவர் வரைவதற்காகப் பதினொரு வருடம் எதிரில் நின்ற ஒரு பெண், இந்த நான்கு பேர்தான் வந்து பேசுகிறார்கள். அந்த நான்காவது பெண்ணாக நடிப்பது அக்ஷரா. ஓவியருக்கு முன்னால் நிற்கிறவள் என்றதுமே, துணியில்லாமல் நிற்பாளோ என்று நம் சொந்தத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. தாராபுரத்திலிருந்து உன் முத்தாத்தாள் அத்தை போன் போட்டு, "ஏன்டா சாமியப்பா, ஊருக்கெல்லாம் பனியன் தெச்சுப் போடற ஊட்டுல மருமவளுக்குப் போட ஒண்ணுமில்லையாக்கும்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார். மறுநாள் தனபால் சித்தப்பா வீட்டுக்கே வந்து, "அண்ணா, நீங்க படிச்சவரு. அந்த நாடகத்தப் பூராவும் படிச்சுப்போட்டு ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க, நாலு பேருகிட்டக் காட்டி வாயை அடைச்சர்லாம்" என்றான். அது எனக்கும் நல்ல யோசனையாகப் பட்டது.

அக்ஷராவிடம் பிரதியை வாங்கி இரண்டு முறை படித்தேன். முப்பத்திரண்டு வருடம் எக்ஸ்போர்ட் கம்பெனியில் துணியைச் சோதித்தவனுக்குத் தெரிந்த முறை ஒன்றுதானே, அதே மாதிரி கட்டம் போட்டு எழுதினேன். பெரிய குறை: இல்லை. சிறு குறை: ஒன்று. மூன்றாம் காட்சியில் அந்தப் பெண் மேல்துணியை எடுக்கிறாள். அதோடு பக்கம் முடிந்துவிட்டது. அடுத்த பக்கத்தில்தான், மேல்துணி என்பது சால்வை, உள்ளே சேலையும் முழுக்கை ரவிக்கையும் உண்டு, ஆகவே குறையாகக் கொள்ளத் தேவையில்லை என்று எழுதியிருந்தேன். தனபால் முதல் பக்கத்தை மட்டும் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸப்பில் போட்டுவிட்டான். வேண்டுமென்று செய்தானா என்று எனக்குத் தெரியாது. நீ பார்த்தது அதைத்தான். அப்பாவே குறை என்று எழுதியிருக்கிறார் என்று நீ கத்தினாயே, அது என் கையெழுத்துதான், மறுக்க வழியில்லை. இரண்டாம் பக்கத்தையும் போடச் சொல்லித் தனபாலிடம் கேட்டேன். "உடுங்கண்ணா, எல்லாரும் பாத்தாச்சு, இனி எதுக்குங்க" என்றான். நானே போடலாம் என்றால் எனக்கு அதில் படம் போடத் தெரியாது, அக்ஷராவிடம் சொல்லிக்கொடு என்று கேட்கவும் முகமில்லை. உன் அம்மா, "எழுதுனது நீங்க, இப்ப திருதிருன்னு முழிச்சா ஆச்சுங்களா?" என்று கேட்கிறாள். அந்த இரண்டாம் பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை எப்படிச் சொல்வது என்றுதான் இரண்டு முறை கிழித்தேன். அந்த ஓவியர் வரைந்த ஒரு பெண்ணின் முகத்தை எங்கள் கம்பெனியில் ஒரு வருடம் பனியனில் அச்சடித்து அனுப்பினோம், நீ அப்போது ஏழாவது படித்தாய். மூக்கோரம் சிவப்பு ஒதுங்கியிருக்கிறதா, உதட்டில் சாயம் பரவியிருக்கிறதா என்று அந்த முகத்தை நான் ஆயிரக்கணக்கில் பார்த்துத் தள்ளியிருக்கிறேன். இவள் யார் என்று ஒரு நாளும் யாரையும் கேட்டதில்லை. அது அந்த நான்காவது பெண்ணின் முகம் என்று பிரதியின் முதல் பக்கத்தில் ஒட்டியிருந்த அதே படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். படித்த பிறகும் அவளைப் பற்றி நான் எழுதியது 'சிறு குறை ஒன்று' என்பதுதான்.

இனி உன் விஷயம். "மேடையேறுனா இங்க வர வேண்டாம்னு நீங்களே அவகிட்டச் சொல்லிப்போடுங்கப்பா, விசா வேலையை நிறுத்திப்போடறேன்" என்று நேற்றுச் சொன்னாய். கல்யாணமாகிப் பத்து மாதம்தான் ஆகிறது. ஆறு நாளாக அவள் போனை நீ எடுக்கவில்லை, அதையும் அவள் எங்களிடம் குறையாகச் சொல்லவில்லை, "வேலையா இருப்பாருங்க" என்கிறாள். நீ போனை வைத்ததும் நான் சொல்லிவிடலாம் என்றுதான் அவள் அறை வரை போனேன். பீரோக் கண்ணாடி முன்னால் நின்று வசனம் சொல்லிக்கொண்டிருந்தாள், திரும்பிவிட்டேன். இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவளே கேட்டாள். "மாமா, நேத்து அவுரு பேசுனாருன்னு அத்தை சொன்னாங்க. நாடகத்தப் பத்தி ஏதாச்சும் சொன்னாருங்களா?" நான் வாயைத் திறந்தேன் கண்ணு. "ஒண்ணும் சொல்லலையே அம்மிணி" என்றுதான் வந்தது. அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். பிறகு, "அப்பாடா. நான் என்னென்னமோ நெனச்சுப்போட்டனுங்க மாமா. நல்லாப் பண்ணுன்னு சொல்லாட்டிப் போகட்டும், வேண்டாங்கலை இல்லீங்களா, அது போதுமுங்க" என்று சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தாள். நாடகம் தொடங்கும் முன் மேடை உடுப்போடு உன்னை வீடியோவில் கூப்பிடப் போகிறாளாம்.

ஆக, நீ சொல்லச் சொன்னதை நான் சொல்லவில்லை, சொல்லாததோடு பொய்யும் சொல்லிவிட்டேன். அதைத் திருத்த வேண்டுமானால் மறுபடி அவள் எதிரில் போய் நிற்க வேண்டும், என்னால் முடியும் என்று தோன்றவில்லை. உன்னை எதிர்த்துப் பேசவும் எனக்குத் தெம்பில்லை. ஞாயிற்றுக்கிழமை இங்கே மாலை ஆறு மணி, அங்கே பகல் ஒன்றரை, அப்போது அவள் கூப்பிடுவாள். இரண்டாம் பக்கத்தைப் படித்துவிட்டுப் போனை எடு. அதற்கப்புறமும் வேண்டாம் என்றுதான் உனக்குப் படுமானால் அதை நீயே அவள் முகத்தைப் பார்த்துச் சொல். நான் பொய் சொன்னேன் என்பதும் அவளுக்கு அப்போது தெரிந்துபோகும், தெரியட்டும், அதற்கு நான் என்ன செய்ய முடியும். நானும் அம்மாவும் மண்டபத்தில் முன்வரிசையில்தான் இருப்போம், அவள் வந்து நிற்கிறாளா இல்லையா என்பதை வைத்துத்தான் நீ என்ன சொன்னாய் என்று எங்களுக்குத் தெரியும்.

நேரத்துக்குச் சாப்பிடு, வெளியே போனால் காதை மூடிக்கொண்டு போ. நோய்நொடி இல்லாமல், மனசில் கோபம் தங்காமல், நீங்கள் இருவரும் ஒரே கூரையின் கீழ் நீண்ட நாள் வாழ வேண்டும் என்று அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். ஒன்றரை மணி, மறந்துவிடாதே.

உன் அப்பா,
வே. சாமியப்பன்