மூன்றாவது விரல்

2007 ஜூலை 29, ஞாயிறு

காலையிலிருந்தே வெயில் மண்டையைப் பிளந்தது. வேனைக் கழுவினேன். டீசல் போடணும். பின் டயரில் காற்று குறைவு.

சாயங்காலம் கோயிலில் காப்புக் கட்டு. இனி ஒரு வாரம் விரதம். அடுத்த ஞாயிறு திருவிழா, கன்னத்தில் அலகு குத்திக்கொள்ள வேண்டும். மகள் மீனா பிறந்தபோது வேண்டிக்கொண்டது, இதுவரை ஒரு வருஷமும் தவறியதில்லை.

ஏழுமலை அண்ணாத்ததான் கட்டிவிட்டார். கருங்குழியில் எங்கள் தெருவுக்கு அலகு குத்துகிறவர் அவர். மஞ்சள் கயிற்றை முடிந்துகொண்டே வழக்கமான சட்டம்: “கவுச்சி கூடாது. சரக்கு கூடாது. சிகரெட்டு கூடாது. பாயில படுக்கக் கூடாது.” சொல்லும்போது அவர் கன்னம் பாக்கால் உப்பியிருந்தது. என் கன்னமும்தான். பாக்கு, வெற்றிலையோடு அம்மன் தட்டிலேயே இருக்கிறது. அதற்கு ஏது தடை.

சிகரெட்டை விட்டு மூன்று வருஷம் இருக்கும். சிறுசேரி கம்பெனிக்கு ஆள் ஏற்ற ஆரம்பித்த புதிது. செங்கல்பட்டில் ஏறும் ரம்யா மேடம் நாற்றம் தாங்கவில்லை என்று ஆபீசில் சொல்லிவிட்டார். அன்றைக்கே தலைமுழுகினேன். பதிலுக்கு ஏலக்காய் வாசனைப் பாக்கு பாக்கெட். புகை கிடையாது, புகையிலைகூடக் கிடையாது. எனக்கு நல்ல பெயர்.

துப்பத்தான் வழியில்லை. ஏசி வண்டி, கண்ணாடியை இறக்கக் கூடாது. கம்பெனி வாசலில் துப்பினால் செக்யூரிட்டி பிடித்துக்கொள்வான். முழுங்கிவிடுகிறேன்.

ஜூலை 31, செவ்வாய்

திருப்போரூரில் தூறல். டிராபிக்.

ராத்திரி சாப்பாட்டில் சண்டை. ரசம் வாயில் பட்டதும் தீ வைத்தது போல இருந்தது. தட்டைத் தள்ளிவிட்டேன். “மிளகாயை அள்ளிக் கொட்டினியா?” என்றேன். என் மனைவி தேவகி ஒரு கரண்டி எடுத்துக் குடித்துப் பார்த்தாள். மீனாதான், “ரசத்துல காரமே இல்லப்பா, தண்ணி மாரி கீது” என்றாள். பெண்ணும் அம்மா கட்சி.

கொட்டாவி விட்டால் தாடை இழுக்கிறது. தூக்கக் கேடு.

ஆகஸ்ட் 5, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. எழுதிவிட்டால் தேவலை.

பம்பை, உடுக்கை, ஊரே கூடியிருந்தது. என் முறை வந்தது. ஏழுமலை அண்ணாத்த விபூதி தடவி, “வாயத் தொற” என்றார். திறந்தேன். “நல்லாத் தொறடா.” அவ்வளவுதான் திறந்தது. அவர் கட்டை விரலை உள்ளே விட்டு, கன்னத்தை வெளியே இழுத்துப் பிடித்துத்தான் அலகைச் செருகுவார். விரல் போகவில்லை. எப்படியோ திணித்தார். கன்னம் இழுபடவில்லை, பலகை போல நின்றது. குத்தினார். வலியில் கண் இருட்டியது. ரத்தம்.

எனக்கு ஒருமுறைகூட ரத்தம் வந்ததில்லை. பம்பை நின்றுவிட்டது.

“விரதம் கெட்டுப் போச்சு,” என்றார் அண்ணாத்த. எல்லோருக்கும் கேட்கும்படி. அலகை உருவி, என் கையில் பால்குடத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

நான் எதையும் கெடுக்கவில்லை. கறி இல்லை, சரக்கு இல்லை. தரையில்தான் படுத்தேன். கோபமாக வருகிறது. பயமாகவும் இருக்கிறது.

ஆகஸ்ட் 6, திங்கள்

வண்டி ஓட்டினேன். கன்னத்தில் பஞ்சு. ரம்யா மேடம், “என்னண்ணே, அடிபட்டுச்சா?” என்றார். ஆமாம் என்றேன்.

தேவகி தண்ணீர்க் குழாயடியிலிருந்து பாதிக் குடத்தோடு திரும்பி வந்தாள். அங்கே பேச்சு: “அவன் சுத்தமாத்தான் இருந்தான். வூட்ல இருக்கிறவ தீட்டு பாக்காம பொழங்குனாளோ இன்னாவோ.” சொல்லிவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு கண்ணாடியை எடுத்துவந்து நீட்டினாள். “ஏங்க, உள்ள பாருங்க. ஆறு மாசமா சொல்லிக்கினு கீறேன்.” பார்த்தேன். கன்னத்தின் உள்பக்கம் சிவப்பே இல்லை. சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது.

ஆகஸ்ட் 7, செவ்வாய்

மாலை டிரிப் முடித்து, செங்கல்பட்டில் பல் டாக்டர். சின்ன வயசு அம்மா. முதல் கேள்வியே, “உங்க மூணு விரலை நிக்க வெச்சு வாய்க்குள்ள விடுங்க.” ஆள்காட்டி விரல், நடு விரல் போயின, அதுவும் நெருக்கி. மூன்றாவது போகவில்லை.

“பாக்கு போடுறீங்களா?”

“வெறும் பாக்குதாம்மா. புகையில இல்ல. சிகரெட்ட வுட்டுட்டேன்.”

“சிகரெட்டை விட்டது நல்லது. இதுக்கு ஏன் மாறினீங்க? புகையிலை இல்லாட்டியும் பாக்கே கன்னத்தை நாராக்கிடும். அதான் இறுகிப் போச்சு, அதான் காரம் எரியுது. இப்படியே விட்டா புத்துநோயா மாறவும் வாய்ப்பு இருக்கு.”

நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அவர் பேசியதில் பாதி காதில் ஏறவில்லை. மறுபடி கேட்டு வாங்கியது: இன்றே நிறுத்தினால் மேலும் இறுகாது. எரிச்சல் குறையும், புண் ஆறும், ருசி திரும்பும். இறுகினது முழுசாக இளகும் என்று சொல்ல முடியாது, பயிற்சி செய்தால் ஓரளவு திறக்கும். ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைத்துப் பழக வேண்டும், போகப் போக ஒரு குச்சி கூட்ட வேண்டும். அந்தக் கன்னத்தில் இனி அலகு கூடாது.

ஊசி போட்டுத் துளி சதை எடுத்தார். சோதனைக்கு. ரிசல்ட் அடுத்த வாரம்.

வேனில் டேஷ்போர்டைத் திறந்தேன். பாக்கெட் சரம். பாலாற்றுப் பாலம் வரை கையில் வைத்திருந்தேன். பிறகு எறிந்தேன்.

ஆகஸ்ட் 8, புதன்

கோயிலில் காப்பு அவிழ்ப்பு. எல்லோரும் கையை நீட்டினார்கள். நான் நீட்டவில்லை.

“அம்மனுக்கே அவுத்தாச்சு. உனுக்கு இன்னாடா?” என்றார் ஏழுமலை அண்ணாத்த.

வாய் வலியோடு சொன்னேன், குழாயடிப் பெண்கள் காதில் விழட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். “தேவகி மேல ஒரு குத்தமும் இல்ல. பாக்கு போட்டு போட்டு என் கன்னம் இறுகிப் போச்சு. டாக்டர் சொல்லிட்டாங்க. விரதத்துல கூட போட்டுக்கினுதான் இருந்தேன். வாயில மூணு விரல் போற வரிக்கும் இந்தக் காப்பு அவுக்க மாட்டேன்.”

“பாக்கா? போடா. எங்கப்பன் சாவுற வரிக்கும் போட்டாரு.” துப்பிவிட்டுப் போனார்.

தேவகி வீடு வரை எனக்கு முன்னால் நடந்தாள். வாசலில், “கத்துன சத்தத்துக்குப் புண்ணு பிரிஞ்சிடப் போவுது” என்றாள். முகம் சரியாகிவிட்டது.

ஆகஸ்ட் 11, சனி

நரகம். நாக்கு தானாகக் கன்னத்தில் போய்த் துழாவுகிறது. தலைவலி. எல்லார் மேலும் எரிந்து விழுகிறேன். பார்க்கிங்கில் பழனி (நம்ம ரூட் டிரைவர்) பாக்கெட்டைக் கிழித்து நீட்டினான், “ஒண்ணே ஒண்ணு மச்சான்.” காப்புக் கையைக் காட்டினேன். “சாமி மேட்டரா? அப்ப வேணாம்,” என்று அவனே மடித்துக்கொண்டான். டாக்டர் பெயரைச் சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டான்.

பாக்குக்குப் பதில் சோம்பு, வெள்ளரிப் பிஞ்சு. குச்சி வைத்தால் கண்ணீர் வரும் அளவுக்குத் தாடையில் வலி. வைக்கிறேன்.

காப்பு இருக்கிறவரை வீட்டில் மீன் கிடையாது. மீனா: “அப்பா, சீக்கிரம் வாயத் தொற.”

ஆகஸ்ட் 16, வியாழன்

ரிசல்ட். புற்று இல்லை.

டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். டாக்டரே வெளியே வந்தார். “இப்ப இல்லன்னுதான் அர்த்தம். மறுபடி போட்டா நான் பொறுப்பில்ல. மாசா மாசம் வந்து காட்டுங்க,” என்றார். வருகிறேன் என்றேன். வருவேன்.

ஆகஸ்ட் 26, ஞாயிறு

நேற்று மழை. இன்று வெயில் மிதம். ஆயில் மாற்றணும்.

ரசம் எரிந்தது, ஆனால் பழைய எரிச்சல் இல்லை. புளிப்பு தெரிந்தது, பூண்டு தெரிந்தது. இரண்டாம் தடவை ஊற்றச் சொன்னேன். தேவகி மிளகாயை ஒன்று கூட்டியிருக்கிறாள் போல. கேட்கவில்லை.

கயிறு அழுக்கேறி நைந்துவிட்டது. அதன் மேலேயே புது மஞ்சள் கயிறு கட்டிவிட்டாள். இரண்டு விரல் இப்போது தாராளம். மூன்றாவதன் நகம் மட்டும் போகிறது.

ஆகஸ்ட் 27, திங்கள்

விடியற்காலை வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏழுமலை அண்ணாத்த வந்து நின்றார். சலவை வேட்டி. கன்னத்தில் பாக்கு இல்லை. டயரைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார்.

“செங்கல்பட்டு வழியாத்தான போவ?”

“ஆமா அண்ணாத்த.”

முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார். என்னைப் பார்க்காமல் சொன்னார்:

“எனுக்கு ஒரு வெரலுதாண்டா போவுது.”