சைதாவின் வண்டியில் என் பெயர்

14 ஜூன் 1998, ஞாயிறு

சைதாவைச் சுமந்துபோகும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. சின்ன வயதில் இளம்பிள்ளைவாதம் வந்ததிலிருந்து மகளுக்கு என் முதுகுதான் வாகனம். இப்போது அவளுக்கு இருபது வயது.

"வாப்பா, மூச்சு ரயில் மாதிரி வருது. இறக்கி விடுங்க."

விடவில்லை. தெருவே பார்க்கிறது; வீரன் வேடத்தைப் பாதியில் கலைக்கலாமா?

நாலு தெரு தள்ளி டோ டின் டின் என்ற பர்மிய அம்மையார் தன் வீட்டின் கீழ்த்தளத்தில் நடத்துகிற வகுப்புக்குத்தான் போனோம். கை கால் முடியாத பிள்ளைகள் அங்கே தையலும் ரேடியோ வேலையும் பழகுகிறார்கள். மழைக்காலம் முடிந்ததும் சைதா தினமும் வந்தால் தையல் டீச்சர் அவளே என்றார் அம்மையார். தினமுமா! மகள் முகம் மலர்ந்தது. என் இடுப்பு அலறியது.

15 ஜூன்

படுக்கை. தைலம் தேய்க்கிற சாக்கில் பல்கீஸ் சிரிக்கிறாள். கட்டின புருஷன்மேல் இவ்வளவு இரக்கம்!

28 ஜூன்

பெற்றோர் கூட்டம். ஆளுக்கொரு பழைய சாமான் கொண்டுவந்து, கையால் சுற்றி ஓட்டுகிற வண்டி செய்வதென்று முடிவு. முதல் வண்டி சைதாவுக்கு. இன்சீன் ரயில் பட்டறையில் வெல்டராக இருந்த அய்யாசாமி பற்றவைப்பார். அவர் மகன் பாலா அம்மையாரின் வகுப்பில்தான் ரேடியோ பழகுகிறான். நான் லான்மடாவில் இருக்கும் என் குடைக்கடையிலிருந்து கம்பிகள் கொண்டுபோனேன்.

"பாய், நாம செய்யுறது வண்டியா, கூடாரமா?" என்றார் அய்யாசாமி.

ஆனாலும் மேலே ஒரு கூரை போட்டுத் தந்தார். உடைந்த சைக்கா ரிக்‌ஷா ஒன்றிலிருந்து முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை இருக்கை கிடைத்தது. பின்னால் பார்த்து உட்காரும் இடம் யாருக்கு என்று நான் கேட்கவில்லை. எனக்குத்தான்.

22 ஆகஸ்ட்

வண்டி தயார். இந்த ஊரில் தண்ணீர்ப்பானை வைத்தாலும் பெஞ்சு போட்டாலும் கொடுத்தவர் பெயர் எழுதாமல் விடுவார்களா? பின்னிருக்கைக்குக் கீழே பலகையில், சிவப்பு பெயிண்டில், பர்மிய எழுத்தில் எழுதிவிட்டேன்: "நன்கொடை – பர்கத்துல்லா குடும்பத்தார்." சக்கரம் யாரோ கொடுத்தது, உழைப்பு அய்யாசாமியுடையது. நான் கொடுத்தது குடைக்கம்பியும் ஆலோசனையும். ஆலோசனை நிறைய.

23 ஆகஸ்ட்

ஏற மாட்டேன் என்கிறாள்.

"நான் என்ன பள்ளிவாசல் தண்ணிப்பானையா வாப்பா? போற வர்றவங்க படிச்சுட்டே போகட்டுமா?"

கத்திவிட்டேன். ஊரே எழுதுது, நான் எழுதினா மட்டும் தப்பா? என்னத்தப் பெருசா செஞ்சுட்டேன்?

— மகளை முதுகில் தூக்கிப் போனபோதும் தெரு பார்க்கிறதா என்றுதானே பார்த்தேன்?

13 செப்டம்பர்

வண்டியில் கோழி முட்டையிட்டிருக்கிறது. சைதா வரவில்லையென்றால் தையலுக்கு வேறு ஆள் பார்க்கவேண்டும் என்று டோ டின் டின் சொல்லியனுப்பிவிட்டார். மண்ணெண்ணெயும் துணியும் எடுத்துக்கொண்டு போய்ப் பலகை முன்னால் குந்தினேன்.

"அழிக்காதீங்க" என்றாள் சைதா. "அந்தத் துணியையும் பெயிண்டையும் என்கிட்ட கொடுங்க."

கொடுத்தேன். பலகையை நான் பார்க்கக்கூடாதாம். சாக்கு போட்டு மூடிவிட்டாள்.

12 அக்டோபர், திங்கள்

சைதா டீச்சரின் முதல் நாள். இன்று ஒரு நாள் மட்டும் நானும் கூடவே வரலாம் என்று அனுமதி. நான் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பல்கீஸ் சாக்கை உருவினாள். சைதா கையால் சுற்றினாள், வண்டி ஓடியது. எனக்குத் தெரிந்ததெல்லாம் தாண்டி வந்த தெருதான். போகிற வழி அவளுக்கு மட்டும். டீக்கடையில் எல்லோரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். மரியாதை! கை உயர்த்திச் சலாம் சொல்லிக்கொண்டே போனேன்.

இறங்கித்தான் படித்தேன். என் பெயர் அப்படியே இருந்தது. "நன்கொடை" மட்டும் இல்லை. அந்த இடத்தில்: "கவனம்! உடையும் சரக்கு –"

"வாப்பா, நடந்து போயிருவீங்கல்ல? எனக்கு வகுப்புக்கு நேரமாச்சு."

13 அக்டோபர்

எழுந்து பார்ப்பதற்குள் போய்விட்டாள். தனியாக.

இடுப்பில் வலியே இல்லை. முதுகு லேசாக இருக்கிறது. கொஞ்சம் அதிகமாகவே லேசாக.